டிரெய்லர் எங்கே போச்சு?

ராத்திரி பிள்ளைக்குக் கதை சொல்லியிருப்பீர்கள். முதல் நாள் ராஜாவுக்கு மூன்று பெண்கள். மூன்றாம் நாள் ஆபீஸ் அலுப்பில், தூக்கக் கலக்கத்தில், ‘ஒரு ராஜாவுக்கு ரெண்டு பொண்ணுங்க’ என்று ஆரம்பித்துவிட்டால் தொலைந்தது. அதுவரை கண் சொக்கிக் கிடந்த வாண்டு சடாரென்று எழுந்து உட்கார்ந்துவிடும். “இன்னொரு பொண்ணு எங்கப்பா?”

நீங்கள் என்ன செய்வீர்கள்? ‘அவ மாமா வீட்டுக்குப் போயிருக்காடா’ என்று சமாளிப்பீர்கள். தப்பு பண்ணிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் அப்பாக்கள் ரொம்பக் குறைவு.

இதே கேள்வியை ஒரு தேசத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, ஒரு டி.வி. தொடரைப் பார்த்துக் கேட்ட கதை இது. முதலில் சின்னச் சின்னக் கேள்விகள்தான். கடைசியில் ஒரு பெரிய கேள்வி வந்தது. அதற்கு மட்டும் மாமா வீட்டுச் சமாளிப்பு செல்லுபடியாகவில்லை.

தொடரின் பெயர் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’. மைக்கேல் பே எடுத்த, காதைக் கிழிக்கிற சினிமாக்கள் உங்களுக்கு ஞாபகம் வரலாம். அவையெல்லாம் 2007-க்கு அப்புறம். நான் சொல்வது 1984 செப்டம்பர் 17-ம் தேதி அமெரிக்காவில் தொடங்கிய கார்ட்டூன். சைபர்ட்ரான் என்று ஒரு கிரகம். அங்கே இரண்டு கோஷ்டி ரோபோக்கள். ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள். சண்டை போட்டுக்கொண்டே பூமியில் வந்து விழுந்து, 40 லட்சம் வருஷம் ஓர் எரிமலைக்குள் மயங்கிக் கிடந்து, 1984-ல் கண் விழிக்கிறார்கள். நல்லவர்கள் கார், லாரியாக மாறுவார்கள். கெட்டவர்கள் ஜெட் விமானமாகவும் துப்பாக்கியாகவும் மாறுவார்கள். நல்லவர்களின் தலைவர் ஆப்டிமஸ் ப்ரைம் ஒரு சிவப்பு லாரி. கெட்டவர்களின் தலைவன் மெகாட்ரான் ஒரு கைத்துப்பாக்கி.

இந்த லாரியில்தான் முதல் சந்தேகம். ஆப்டிமஸ் ப்ரைம் லாரியாக ஓடும்போது பின்னால் பெரிய டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார். ரோபோவாக எழுந்து நிற்கும்போது லாரியின் முன்பக்கம் மட்டும் கை கால் முளைத்து நிற்கும். டிரெய்லர் தன்பாட்டுக்கு ஓரமாக உருண்டு, திரையை விட்டு வெளியே போய்விடும். சண்டை முடிந்து அவர் மறுபடி லாரியாக மாறினால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். சில நாள் வரவே வராது. நடுவில் அது எங்கே போகிறது? யார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்? இத்தனை வருஷம் கழித்தும் தலை நரைத்த ரசிகர்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

துப்பாக்கி விஷயம் இன்னும் விசேஷம். மெகாட்ரான், ரோபோவாக நிற்கும்போது இரண்டு மாடி உயரம். துப்பாக்கியாக மாறினால் இன்னொரு ரோபோவின் கைக்குள் அடக்கம். எடை எங்கே போச்சு? சவுண்ட்வேவ் என்று இன்னொருவன். அவன் டேப் ரிக்கார்டராக மாறினால் மனுஷர்கள் கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கார்கள் மட்டும் எப்போதும் கார் சைஸிலேயேதான் இருக்கும். ஸ்கூலில் விஞ்ஞானப் பாடம் ஒழுங்காகப் படிக்கிற பையன் யாரும் இதை விடமாட்டான்.

காரணம் கதையில் இல்லை. பொம்மைக் கடையில் இருந்தது.

ஜப்பானில் டகாரா என்றொரு பொம்மைக் கம்பெனி. அவர்கள் இரண்டு வரிசை பொம்மைகள் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று டயாக்ளோன். 1980-ல் வந்தது. நிஜக் கார்களை 60-ல் ஒரு பங்காகச் சுருக்கி, அவற்றை ரோபோவாக மடிக்கும் பொம்மைகள். உள்ளே குட்டியூண்டு டிரைவர் பொம்மை உட்கார்ந்திருப்பான். இன்னொன்று மைக்ரோ சேஞ்ச். இதில் எல்லாம் வீட்டில் புழங்கும் அசல் சைஸ் சாமான்கள்: துப்பாக்கி, கேஸட், டேப் ரிக்கார்டர், மைக்ராஸ்கோப். இரண்டு வரிசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இரண்டையும் மொத்தமாக வாங்கி, ஒரே பெட்டியில் கொட்டி, ‘இவங்க எல்லாரும் ஒரே கிரகத்துக்காரங்க’ என்று சொல்லிவிட்டது. ஒரு பொம்மை, காரைச் சுருக்கியது. இன்னொரு பொம்மை, துப்பாக்கி அளவே இருப்பது. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

இந்த வியாபாரத்துக்குத் தூது போனவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். அவரைப் பற்றி ஒரு பாரா சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போலந்தில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஐந்து வதைமுகாம்களில் இருந்து உயிர் பிழைத்து வந்தவர். அமெரிக்காவுக்குப் போய் ‘டாப்பர்’ என்ற பொம்மைக் கம்பெனி நடத்தினார். 1969-ல் போட்டிக் கம்பெனியான மேட்டல், தன் ‘ஹாட் வீல்ஸ்’ கார் பொம்மைகளை வைத்து ஒரு கார்ட்டூன் தொடரே ஒளிபரப்ப வைத்தது. ‘இது கார்ட்டூன் இல்லை, அரை மணி நேர விளம்பரம்’ என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது யார் தெரியுமா? டாப்பர் கம்பெனி! ஆணையமும் ஆமாம் என்று தலையாட்டியது. பதினைந்து வருஷம் கழித்து அதே டாப்பர்காரர்தான் ஹாஸ்ப்ரோவையும் டகாராவையும் சேர்த்து வைத்து, பொம்மைக்காகவே ஒரு கார்ட்டூன் பிறக்கக் காரணமானார். (பின்னாளில் டி.வி.யில் சீட்டாட்டம் காட்டும்போது ஆட்டக்காரர் கையில் இருக்கும் சீட்டை நமக்கு மட்டும் காட்டும் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கியவரும் இவரே. 98 வயது வரை இருந்து 2021-ல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

1969-ல் தப்பாக இருந்தது 1984-ல் எப்படிச் சரியானது? ரீகன் ஆட்சி. ஆணையத்தின் தலைவராக இருந்த மார்க் ஃபவுலருக்கு, டி.வி.யும் வீட்டுச் சாமான்களில் ஒன்று. படம் காட்டும் டோஸ்டர் என்றே அதை வர்ணித்தவர். ரொட்டி சுடும் மெஷினுக்கு எதற்குச் சட்டதிட்டம்? 1984-ல் விளம்பர நேரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பாஸ்டன் பக்கத்தில் பெகி சாரென் என்ற அம்மாள், பிள்ளைகளுக்கான டி.வி.க்காக 1968-லிருந்து ஓர் அமைப்பை வைத்துப் போராடிக்கொண்டிருந்தார். அவர் கூச்சல் போட்டதுதான் மிச்சம். அவர் பக்கம் கொஞ்சம் காற்று திரும்ப 1990-ல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது.

ஹாஸ்ப்ரோ, கதை எழுதும் வேலையை மார்வெல் காமிக்ஸிடம் கொடுத்தது. ஸ்பைடர்மேன் கம்பெனிதான். பொம்மைகளுக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. ஆப்டிமஸ் ப்ரைம் என்று பெயர் வைத்தவர் டென்னிஸ் ஓ’நீல். மற்ற பெரும்பாலான நாமகரணங்கள் பாப் புடியான்ஸ்கி உபயம். மெகாட்ரான் என்ற பெயர் ரொம்பப் பயமுறுத்துகிறதே என்று கம்பெனியில் தயங்கியபோது, ‘வில்லன்னா பயமுறுத்தத்தானேய்யா வேணும்’ என்கிற ரீதியில் பதில் சொல்லி ஜெயித்தவர் அவர்.

சரி, தப்புகளுக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒரு கார்ட்டூனைத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காட்ட வேண்டுமென்றால் 65 எபிசோடு கையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து, பதின்மூன்று வாரம். ஆகமொத்தம் கால் வருஷம். அதற்கப்புறம் முதலிலிருந்து மறுபடி சுற்றலாம். 1983-ல் ‘ஹீ-மேன்’ இப்படித்தான் 65-ஐத் தயாரித்து வைத்துக்கொண்டு வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதல் சீஸனில் 16 எபிசோடுதான். அப்படியானால் இரண்டாவது சீஸனில் எத்தனை வேண்டும்? உங்கள் பிள்ளை சொல்லிவிடுவான். 49! 1985-ல் ஒரே வருஷத்தில் 49 எபிசோடு.

கதை எழுதுவது அமெரிக்காவில். குரல் பதிவும் அங்கேயே. படம் வரைவது ஜப்பானில், டோயி ஸ்டூடியோவில். அது போதாமல் தென்கொரியாவில் வேறு. எல்லாம் கையால் வரைந்து, பிளாஸ்டிக் தாளில் நகலெடுத்து, பின்பக்கம் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றாகப் படமெடுக்க வேண்டும். ஸ்டார்ஸ்க்ரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் என்று மூன்று ஜெட் விமான வில்லன்கள். மூன்று பேருக்கும் அச்சு அசல் ஒரே உருவம், கலர் மட்டும் வேறே. ஏனென்றால் பொம்மைக்கும் ஒரே அச்சு, பிளாஸ்டிக் கலர்தான் வேறே. ராத்திரி இரண்டு மணிக்கு பெயின்ட் அடிக்கிற பெண்ணுக்கு ஸ்டார்ஸ்க்ரீம் யார், ஸ்கைவார்ப் யார் என்று என்ன தெரியும்? ஒரு ஷாட்டில் சாம்பல் நிறத்தில் பேச ஆரம்பிப்பவன் அடுத்த ஷாட்டில் கறுப்பாகப் பேசி முடிப்பான். ஒருவன் வாயசைக்க, இன்னொருவன் குரல் வரும். 1986-ல் வந்த ‘கார்னேஜ் இன் சி மைனர்’ என்ற எபிசோடு இந்த வகையில் ஒரு காவியம். தப்பு கண்டுபிடிப்பவர்களுக்குத் தீபாவளி.

இன்னொரு வகைத் தப்பு, வக்கீல்கள் செய்தது. ‘ஜெட்ஃபயர்’ என்று ஒரு பொம்மை. அழகான வெள்ளை விமானம். ஹாஸ்ப்ரோ விற்ற பொம்மைகளில் ரொம்ப எடுப்பானது. ஆனால் அது டகாரா சரக்கே இல்லை. ஜப்பானில் ‘மாக்ராஸ்’ என்ற வேறொரு கார்ட்டூனுக்காக டகாடோகு என்ற வேறொரு கம்பெனி செய்தது. அதன் உரிமை பிற்பாடு டகாராவின் பரம வைரியான பாண்டாய் கைக்குப் போனது. நம் தொடரை ஜப்பானிலும் காட்டியாக வேண்டும். போட்டிக் கம்பெனிப் பொம்மையைத் தன் செலவில் யாராவது விளம்பரப்படுத்துவார்களா? ஆகவே கார்ட்டூனில் அவருக்கு முகம் மாறியது, உடம்பு மாறியது, பெயரும் ‘ஸ்கைஃபயர்’ என்று மாறியது. வட துருவத்துப் பனியில் உறைந்து கிடந்த விஞ்ஞானி, வில்லன் ஸ்டார்ஸ்க்ரீமின் பழைய சிநேகிதன் என்று உருக்கமாக அறிமுகப்படுத்தினார்கள். நல்ல பாத்திரம். பிறகு மெல்ல மெல்லக் காணாமலே போனார். கடையில் ஜெட்ஃபயரைக் கையில் எடுத்த பையன், டி.வி.யில் பார்த்தவர் முகத்தைத் தேடிக் குழம்பிப்போனான்.

இதெல்லாம் கைத் தவறுகள். கதைத் தவறுகள் இதைவிட ருசி.

கன்ஸ்ட்ரக்டிகான்கள் என்று ஆறு பேர். புல்டோசர், கிரேன், சிமென்ட் கலக்கும் லாரி. ஆறு பேரும் ஒன்றாகச் சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சசன். முதல் சீஸனில் டொனால்ட் க்ளட் எழுதிய எபிசோடில் மெகாட்ரான் பெருமையடித்துக்கொள்கிறான், ‘இவர்களை பூமியில் ஒரு குகைக்குள் வைத்து நான் கட்டினேன்’ என்று. நல்லது. 1985-ல் டேவிட் வைஸ் எழுதிய எபிசோடு என்ன சொல்கிறது? கன்ஸ்ட்ரக்டிகான்கள் பல லட்சம் வருஷம் முன்பே சைபர்ட்ரானில் கண்ணாடி நகரம் கட்டிய நல்லவர்கள். மெகாட்ரான் ஒரு மெஷினை வைத்து அவர்கள் புத்தியைக் கெடுத்துவிட்டான். இதோடு விட்டார்களா? 1986-ல் ஃப்ளின்ட் டில் எழுதிய எபிசோடில் பழைய சரித்திரம் காட்டுகிறார்கள். அதன்படி மெகாட்ரானைக் கட்டியதே கன்ஸ்ட்ரக்டிகான்கள்!

அவனைக் கட்டியவர்கள் இவர்கள். இவர்களைக் கட்டியவன் அவன். கோழியா முட்டையா விவகாரத்தில்கூட இத்தனை துணிச்சல் கிடையாது.

இன்னொன்று. வெக்டர் சிக்மா என்று ஒரு மகா கம்ப்யூட்டர். சைபர்ட்ரானின் அடியாழத்தில் இருக்கிறது. எந்த ரோபோவுக்கும் உயிர் கொடுக்க அதனால்தான் முடியும் என்று இரண்டாவது சீஸனில் பெரிய பில்டப். உயிர் வாங்க அத்தனை தூரம் போய்வருகிறார்கள். ஆனால் முதல் சீஸனில் வீல்ஜாக் என்ற ஆட்டோபாட், பூமியில் மலைக்குள் உட்கார்ந்துகொண்டே டைனோபாட்களைச் செய்துவிட்டாரே? ஸ்பானரும் வெல்டிங்கும் மட்டும்தானே வைத்திருந்தார்? அந்த டைனோசர் ரோபோக்களுக்கு உயிர் எங்கிருந்து வந்தது? (டைனோபாட் கதையை எழுதியவரும் மேற்படி க்ளட்தான். மனிதர் டைனோசர் பைத்தியம். டைனோசர்களைப் பற்றி அகராதியே எழுதியவர். உயிர் எப்படி வந்தது என்பதைவிட கொம்பு எத்தனை என்பதில்தான் அவருக்கு அக்கறை இருந்திருக்கும்.)

நம்மூர் உபன்யாசகரிடம் இப்படி மடக்கிப் பாருங்கள். ஒரு புராணத்தில் பிள்ளையார் தம்பிக்கு முன்னால் பிறக்கிறார், இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கிறதே என்றால் அவர் அசரமாட்டார். ‘அது வேற கல்பம்’ என்பார். கல்ப பேதம். உலகம் திரும்பத் திரும்பப் படைக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறும். இதைவிடப் பிரமாதமான சமாளிப்பை மனித குலம் கண்டுபிடித்ததில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரசிகர்களும் தொடர் முடிந்து பல வருஷம் கழித்து இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். ‘இந்தக் கதை வேறே பிரபஞ்சம், அந்தக் கதை வேறே பிரபஞ்சம்’ என்று. கம்பெனியும் நிம்மதியாக ஒப்புக்கொண்டது.

மார்வெல் காமிக்ஸுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. தப்பு கண்டுபிடித்து எழுதும் வாசகர்களுக்கு ஆசிரியர் ஸ்டான் லீ 1960-களில் ‘நோ-பிரைஸ்’ என்று ஒரு பரிசு வைத்தார். தபாலில் கவர் வரும். மேலே ‘இதனுள் அசல் நோ-பிரைஸ் இருக்கிறது’ என்று அச்சடித்திருக்கும். பிரித்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. பரிசு இல்லை என்பதுதான் பரிசு! ‘கவர் காலியாக இருக்கிறது’ என்று புகார் எழுதிய அப்பாவிகளும் உண்டு. அப்புறம் விதியை மாற்றினார்கள். தப்பைச் சொன்னால் மட்டும் போதாது, அது ஏன் தப்பில்லை என்று நீயே ஒரு விளக்கம் ஜோடித்து எழுதினால்தான் காலிக் கவர். எத்தனை புத்திசாலித்தனம் பாருங்கள். சமாளிக்கும் வேலையையும் வாசகன் தலையிலேயே கட்டியாயிற்று.

பிரிட்டனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே வாராவாரம் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காமிக்ஸில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னது ஆசிரியர் இல்லை. வில்லன் சவுண்ட்வேவ்! பிறகு அந்த நாற்காலியில் டைனோபாட்களின் தலைவன் க்ரிம்லாக் உட்கார்ந்தான். முரட்டுத்தனமும் கொச்சை இங்கிலீஷும் அவன் முத்திரை. தப்பு கண்டுபிடித்த பையனை நாலு வார்த்தை திட்டினால் கோபித்துக்கொள்வானா? க்ரிம்லாக்கிடம் திட்டு வாங்கினேன் என்று ஸ்கூல் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்திருப்பான்.

இதுவரைக்கும் விளையாட்டு. 1986 ஆகஸ்ட் 8-ம் தேதி அந்தத் தொடர் சினிமாவாக வந்தது.

நெல்சன் ஷின் என்ற கொரியர் இயக்கியது. கதை நடப்பது 2005-ல் (அப்போது அது எட்டாத எதிர்காலம்!). பெரிய குரல்களாகப் பிடித்துப் போட்டிருந்தார்கள். கிரகங்களையே விழுங்கும் யூனிக்ரானுக்குக் குரல், ‘சிட்டிஸன் கேன்’ எடுத்த ஆர்சன் வெல்ஸ். பேசிக் கொடுத்த சில நாட்களில், 1985 அக்டோபரில் அவர் இறந்துபோனார். அவரது கடைசி வேலைகளில் இது ஒன்று.

பிள்ளைகள் பாப்கார்னோடு உட்கார்ந்தார்கள். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு விண்கலத்துக்குள் டிசெப்டிகான்கள் புகுந்து, ப்ரால், ப்ரான், ராட்செட், அயர்ன்ஹைட் நால்வரையும் கொன்றார்கள். இரண்டு வருஷமாகத் தினமும் சாயந்திரம் பார்த்த முகங்கள். டி.வி.யில் எத்தனை குண்டு பட்டாலும் தட்டிவிட்டு எழுந்திருப்பார்களே? எழுந்திருக்கவில்லை. அடுத்து ஆப்டிமஸ் ப்ரைம் தனியாளாக வந்து வெளுத்து வாங்கினார். மெகாட்ரானையும் வீழ்த்தினார். ஆனால் நடுவில் ஹாட் ராட் என்ற இளவட்டம் உதவுகிறேன் பேர்வழி என்று குறுக்கே பாய, அவனைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மெகாட்ரான் சுட்டான். கட்டிலில் படுத்தபடி ப்ரைம் தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். கண்ணில் விளக்கு அணைந்தது. சிவப்பும் நீலமுமாக இருந்த உடம்பு நம் கண்ணெதிரே சாம்பல் நிறமாக மாறியது.

தியேட்டர்களில் பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே வெளியேறிய பெற்றோர்கள் உண்டு. அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெளியே வர மறுத்த ஒரு பையனைப் பற்றி, அந்தப் படத்தில் வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஹாஸ்ப்ரோவுக்குக் கடிதம் மேல் கடிதம்.

அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏன் கொன்றீர்கள்?

நிஜமான பதிலைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. ப்ரைம் 1984-ம் வருஷத்துப் பொம்மை. அவரோடு செத்தவர்களும் அதே வருஷத்துச் சரக்கு. கடை அலமாரியில் அவர்கள் இடத்தைக் காலி செய்து, 1986-ன் புதுப் பொம்மைகளை நிறுத்த வேண்டும். அவ்வளவே. பழைய ஸ்டாக்கை எடுத்துவிட்டுப் புது ஸ்டாக் வைக்கிறோம், இதில் என்ன இருக்கிறது என்றுதான் தாங்கள் நினைத்ததாகவும், அந்த லாரி இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை பெரிய ஆள் என்பது தெரியாமல் போனதாகவும் ஃப்ளின்ட் டில் பல வருஷம் கழித்துப் பேசியிருக்கிறார். எனக்கு இதை நம்புவதில் கஷ்டமில்லை. அவர்கள் கையில் இருந்தது விற்பனைப் பட்டியல். பிள்ளைகள் கையில் இருந்தது ப்ரைம்.

ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயத்தில் கானன் டாயில் இதே வம்பில் மாட்டினார். 1893-ல் நீர்வீழ்ச்சியில் தள்ளிவிட்டுப் பத்து வருஷம் தாக்குப்பிடித்தார். 1903-ல், அவர் விழவே இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று. ஹாஸ்ப்ரோவால் பத்து மாதம்கூடத் தாங்க முடியவில்லை. படமும் 58 லட்சம் டாலர் சொச்சத்தோடு படுத்துவிட்டது. பிரிட்டனில் திரையிட்டபோதே முன்ஜாக்கிரதையாக, கடைசியில் ‘ஆப்டிமஸ் ப்ரைம் திரும்பி வருவார்’ என்று ஒரு குரலைச் சேர்த்துத்தான் அனுப்பினார்கள்.

ஆனால் எப்படித் திரும்புவார்? இங்கேதான் நாம் ஆரம்பித்த இடத்துக்கு வருகிறோம்.

1986 கடைசியில் ஓர் எபிசோடு. எதிரிகள் ப்ரைமின் பிணத்துக்கு மெஷின் வைத்து நடமாட விட்டிருக்கிறார்கள். முகமெல்லாம் சிதைந்த ப்ரைம்! (துக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம் என்று யாருக்குத் தோன்றியதோ.) கடைசியில் பழைய நினைவு வந்து, நண்பர்களைக் காப்பாற்ற ஒரு விண்கலத்தைத் தானே ஓட்டிக்கொண்டு எதிரிகளின் பொறிக்குள் போகிறார். கலம் வெடித்துச் சிதறுகிறது. சந்தேகத்துக்கே இடமில்லாத வெடிப்பு. ஒருவரை இரண்டு முறை சாகடித்தாயிற்று.

1987 பிப்ரவரியில் ‘ஆப்டிமஸ் ப்ரைமின் வருகை’ என்று இரண்டு பாகம். மனித விஞ்ஞானிகள் இரண்டு பேர் விண்வெளியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். வெடித்துப்போன கலம் அங்கே மிதக்கிறது. உள்ளே ப்ரைமின் உடம்பு, ரிப்பேர் செய்யக்கூடிய நிலைமையில்!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. டிரெய்லரையும் துப்பாக்கியையும் சேர்த்து அத்தொடரின் தப்புகளுக்கு யாராவது பரிசு கொடுத்தால் முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் முந்தைய தப்புகள் அவசரத்திலும் அசட்டையிலும் வந்தவை. இது தெரிந்தே செய்தது. முந்தைய எபிசோடை மறுஒளிபரப்பு செய்தபோது, முடிவில் ‘இது முடிவா? ப்ரைம் திரும்பி வருகிறார்’ என்கிற பாணியில் அறிவிப்பையும் ஒட்டினார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. தலைவர் பதவியின் அடையாளமாக ‘மேட்ரிக்ஸ்’ என்ற ஒளிரும் பொருள் ப்ரைமின் நெஞ்சுக்குள் காலகாலமாக இருப்பதாக சினிமா சொன்னது. திரும்பி வந்தவர் அதை மறுபடி நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் உலகைக் காப்பாற்றுகிறார். ஆனால் 1985-ல் ஓர் எபிசோடில் டிசெப்டிகான்கள் இதே ப்ரைமைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார்களே? அப்போது நெஞ்சுக்குள் ஒரு மேட்ரிக்ஸும் இல்லையே? அட, போகட்டும். ஆள் வந்துவிட்டார்.

காமிக்ஸில் ப்ரைம் செத்த விதம் வேறே. வீடியோ கேம் ஒன்றில் பந்தயம். ஜெயிப்பதற்காக அந்த விளையாட்டுக்குள் இருக்கும் பொம்மை மனிதர்கள் சாக நேர்கிறது. நிரபராதிகளைச் சாகவிட்டு ஜெயித்தால் அது தோல்வி என்று சொல்லி, தன்னை வெடிக்கச் சொல்லிவிடுகிறார். அவர் மனசு ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. ஃப்ளாப்பி என்றால் என்னவென்று இனி உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும்.

ப்ரைமின் குரல், கனடாக்காரரான பீட்டர் கல்லன். அண்ணன் லாரி கல்லன் வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பிய ராணுவ அதிகாரி. அவர் பேசுகிற நிதானத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் ப்ரைமுக்குப் பேசினேன் என்று கல்லன் பலமுறை சொல்லியிருக்கிறார். சினிமாவில் செத்த அயர்ன்ஹைடுக்கும் குரல் இவரே. அதாவது ஒரே படத்தில் மனிதருக்கு இரண்டு வேலை போச்சு. பிள்ளைகள் தன் குரலுக்காக அழுதார்கள் என்பது அவருக்குத் தெரியவே பல வருஷம் ஆனது. 2007-ல் கோடிக்கணக்கான டாலரில் சினிமா எடுத்தபோது, வளர்ந்து மீசை முளைத்த அதே பிள்ளைகள் ‘குரல் மட்டும் மாறக் கூடாது’ என்று நின்றார்கள். கல்லனே வந்து பேசினார்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஹாஸ்ப்ரோவின் இன்னொரு தொடர் ‘ஜி.ஐ. ஜோ’. ராணுவக் கதை. அதையும் சினிமாவாக எடுத்து, ட்யூக் என்ற கதாநாயகனைக் கொல்வதாக எழுதி, வரைந்தும் வைத்திருந்தார்கள். ஈட்டியாக மாறிய பாம்பு ஒன்று அவர் நெஞ்சில் பாய்கிறது. அருகில் நிற்பவர்கள் முகமெல்லாம் சாவு வீட்டு முகம். படம் வெளிவருவதற்குள் ப்ரைம் விவகாரம் வெடித்துவிட்டது. திருப்பி வரையப் பணமுமில்லை, நேரமுமில்லை. வசனத்தை மட்டும் மாற்றினார்கள். 1987-ல் வீடியோவில் வந்த அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சில் ஈட்டி பாய்ந்து, கண் மூடி, தலை சாய்ந்து கிடக்கிறார் ட்யூக். ‘கோமாவுக்குப் போய்விட்டார்’ என்கிறது ஒரு குரல். கடைசிக் காட்சியில், ஆளையே காட்டாமல், ‘ட்யூக் கண் விழித்துவிட்டாராம்!’ என்று இன்னொரு குரல் கத்துகிறது.

மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார்.